சர்வரில் அனுமதிப் பிழையும் லாக் பிழையும்: எல்லைப் பக்கத்து அலுவலகங்களில் புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

கம்பம், போடி, குமுளி, வண்டன்மேடு பக்கத்து ஏலக்காய், மிளகு வியாபாரத்தில் இப்போது எல்லாக் கணக்கும் ஒரே சர்வரில்தான் ஓடுகிறது. சர்வர் கம்பத்தில் இருக்கும். மலைக்கு மேலே குமுளி டிப்போவில் இருப்பவர்கள் இன்டர்நெட் வழியாக அதில் பில் போடுவார்கள். அதைப் பார்த்துக்கொள்ள டேட்டாபேஸ் தெரிந்த ஆள் என்று தனியாக யாரும் இருக்க மாட்டார். "நீதான் கம்ப்யூட்டர் படிச்சிருக்கியே, பாத்துக்கப்பா" என்று அக்கவுண்ட்ஸிலோ ஸ்டோரிலோ இருக்கும் ஒருவர் தலையில் பொறுப்பு வந்து விழும். அந்த ஒருவருக்காக இதை எழுதுகிறேன்.

எனக்கும் அப்படித்தான் வந்தது. சொல்லித்தர ஆள் இல்லை. திரை ஒன்று சொல்லும், மென்பொருள் விற்றவர் போனில் வேறொன்று சொல்வார், முதலாளி "எப்ப சரியாகும்?" என்று மட்டும் கேட்பார். ரூ.50,000-க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லை தாண்ட இ-வே பில் வேண்டும். பில் சேவ் ஆகவில்லை என்றால் இ-வே பில் இல்லை, லோடு ஏற்றிய வண்டி குடோன் வாசலிலேயே நிற்கும். அந்த அவசரத்தில் எல்லோரும் இரண்டு காரியம் செய்வார்கள்: சர்வரை ரீஸ்டார்ட் செய்வது, அல்லது எல்லா உரிமையையும் அள்ளிக் கொடுத்துவிடுவது. இரண்டுமே காரணத்தை மூடி வைத்துவிடும், அடுத்த வாரம் அதே பிழை திரும்ப வரும். எது தடுக்கிறது, யார் பிடித்திருக்கிறார் என்று தெரிந்துகொண்ட பிறகு கை வைப்பதுதான் கீழே உள்ள முறை. அனுமதிப் பிழை என்றால் அந்தக் கணக்குக்கு உரிமை இல்லை என்று பொருள். லாக் (lock) பிழை என்றால் ஒருவர் மாற்றிக்கொண்டிருக்கும் பதிவை டேட்டாபேஸ் பூட்டி வைத்திருக்கிறது, மற்றவர் காத்திருக்க வேண்டும் என்று பொருள்.

நம் பக்கம் அதிகம் கண்ணில் படும் டேட்டாபேஸ்கள் மூன்று: ஓடூ என்ற வியாபார மென்பொருள் போட்டிருந்தால் உள்ளே போஸ்ட்கிரெஸ் இருக்கும், ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற மென்பொருள் என்றால் பெரும்பாலும் மரியாடிபி, மற்ற பல மென்பொருள்களில் மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வர். விவரமாகச் சொல்வது போஸ்ட்கிரெஸுக்கு. மற்றவை எங்கே மாறுபடுகின்றனவோ அங்கே குறிப்பிடுகிறேன். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள், அடிக்கோடுகளை விட்டுவிடாதீர்கள்.

1. பிழை வருவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

பிழை வந்த பிறகு இவற்றைத் தேடினால் அரை நாள் போய்விடும். சாதாரண நாளில் உட்கார்ந்து ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

முதலாவது, முதலாளியிடமிருந்து எழுத்தில் ஒரு ஒப்புதல். அவசரத்தில் யாருடைய இணைப்பையும் துண்டிக்கும் அதிகாரம் உங்களுக்கு உண்டு என்று இரண்டு வரி மெயில் போதும். துண்டித்தால் அந்த ஊழியர் சேவ் செய்யாத வேலை போய்விடும், அப்போது பேச்சு வரும்.

இரண்டாவது, கணக்குகளின் பட்டியல். மென்பொருள் எந்த டேட்டாபேஸ் கணக்கில் உள்ளே போகிறது, நிர்வாகக் கணக்கு எது, பேக்கப் எந்தக் கணக்கில் எடுக்கப்படுகிறது, ரிப்போர்ட் எடுக்க எக்ஸெலில் யாராவது தனிக் கணக்கு வைத்திருக்கிறார்களா. பாஸ்வேர்டுகளை இந்தப் பட்டியலில் எழுதாதீர்கள்.

மூன்றாவது, பதிப்பு எண்கள். மென்பொருளின் பதிப்பு, டேட்டாபேஸின் பதிப்பு இரண்டும் வேண்டும். வெண்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். அனுமதிப் பிழைகளில் பல, பதிப்பு மாறியதால் வருபவை.

நான்காவது, பேக்கப் திரும்ப ஏற்றிப் பார்க்கப்பட்டது என்பதற்கான பதிவு. பேக்கப் கோப்பு இருக்கிறது என்பது போதாது. வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, நேற்றைய கடைசி பில் அதில் இருக்கிறதா என்று பார்த்த தேதியை எழுதி வையுங்கள்.

ஐந்தாவது, ஏஎம்சி எனப்படும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். டேட்டாபேஸ் வேலை அதில் அடங்குமா, நீங்கள் உரிமைகளை மாற்றினால் "நாங்கள் பொறுப்பில்லை" என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள்.

இத்துடன் போஸ்ட்கிரெஸில் உங்களுக்கென்று ஒரு தனிக் கணக்கு கேட்டு வாங்குங்கள். அதற்கு பிஜி_மானிட்டர், பிஜி_சிக்னல்_பேக்எண்ட் என்ற இரண்டு ரோல்கள் (உரிமைத் தொகுப்புகள்) இருந்தால் போதும். முதலாவது யார் என்ன செய்கிறார் என்று காட்டும், இரண்டாவது துண்டிக்க விடும். இவை இல்லாத சாதாரணக் கணக்கில் பார்த்தால் மற்றவர்களின் கட்டளை இருக்க வேண்டிய இடத்தில் "இன்சஃபிஷியன்ட் ப்ரிவிலேஜ்" என்று மட்டும்தான் தெரியும். இதற்காக எதையும் செய்ய விடும் சூப்பர்யூசர் உரிமை கேட்க வேண்டியதில்லை, கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

2. செய்தியை முழுதாகப் படித்து, இது எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

திரையில் தெரியும் வாசகம் பெரும்பாலும் மென்பொருள் சுருக்கிச் சொன்னது. அசல் செய்தி பெரும்பாலும் சர்வரின் நிகழ்வுப் பதிவுக் கோப்பில் (log) இருக்கும். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு எண் உண்டு, போஸ்ட்கிரெஸில் அந்த எண்ணும் கோப்பில் விழ லாக்_லைன்_ப்ரிஃபிக்ஸ் என்ற அமைப்பில் %e சேர்த்திருக்க வேண்டும். அந்த எண்ணைப் பிடியுங்கள்.

அனுமதிப் பிழை எத்தனை நேரம் காத்திருந்தாலும் தீராது. லாக் பிழை, பிடித்திருப்பவர் விட்ட நிமிடமே தீரும். எனவே ஒரே காரியம் காலையில் நடந்து மதியம் நடக்கவில்லை என்றால் லாக்கைச் சந்தேகியுங்கள். ஒருவருக்கு நடந்து, அதே பில்லில் இன்னொருவருக்கு ஒருபோதும் நடக்கவில்லை என்றால் அனுமதியைச் சந்தேகியுங்கள்.

போஸ்ட்கிரெஸில் 42501 என்றால் அனுமதி. 55பி03 என்றால் லாக் கிடைக்கவில்லை. 40பி01 என்றால் டெட்லாக், அதாவது இருவர் ஒருவருக்காக ஒருவர் காத்து இருவரும் நகராத நிலை. ஓடூவில் அடிக்கடி வரும் 40001 என்பது, ஒரே பதிவை இருவர் ஒரே நேரத்தில் மாற்றியதால் ஒருவரின் வேலையை டேட்டாபேஸ் தள்ளிவிட்டது என்று பொருள்.

ஒரு பெரிய பொறி: 1205 என்ற எண். எஸ்கியூஎல் சர்வரில் 1205 என்றால் டெட்லாக். மரியாடிபியிலும், அது பிரிந்து வந்த மைஎஸ்கியூஎல்லிலும் அதே 1205 என்றால் லாக்குக்காகக் காத்திருந்து நேரம் கடந்துவிட்டது என்று பொருள், அங்கே டெட்லாக்கின் எண் 1213. இணையத்தில் வெறும் எண்ணைப் போட்டுத் தேடினால் தவறான மருந்து கிடைக்கும். டேட்டாபேஸின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

இன்னொன்று, டெட்லாக் தவிர, லாக்குக்காகக் காத்திருப்பதற்கு எஸ்கியூஎல் சர்வர் தானாகப் பிழை தராது. இயல்பு நிலையில் அது லாக்குக்காக முடிவில்லாமல் காத்திருக்கும். டாட்நெட்டில் எழுதிய மென்பொருள்கள் வழக்கமாக 30 விநாடி பார்த்துவிட்டு "டைம்அவுட்" என்று சொல்லிவிடும். அதைப் பார்த்து நெட்வொர்க் ஆளைக் கூப்பிடாதீர்கள். முதலில் சர்வரில் யாராவது யாரையாவது தடுக்கிறார்களா என்று பாருங்கள்.

ஆரக்கிள் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: 00942 "டேபிள் இல்லை" என்று சொல்லும், ஆனால் டேபிள் இருக்கலாம். பார்க்க உரிமை இல்லை என்பதையும் அது அப்படித்தான் சொல்லும்.

3. அனுமதிப் பிழை: வாசலிலிருந்து உள்ளே வரிசையாகப் போங்கள்

போஸ்ட்கிரெஸில் ஒரு கணக்கு ஒரு பதிவைத் தொட ஐந்து இடங்களைக் கடக்க வேண்டும். இந்த வரிசையிலேயே சோதியுங்கள், நடுவிலிருந்து ஆரம்பிக்காதீர்கள்.

அ. நுழைவு. "நோ பிஜி_ஹெச்பிஏ.கான்ஃப் என்ட்ரி" என்று வந்தால், அந்த ஐபி முகவரியிலிருந்து வர வழியே வைக்கவில்லை என்று பொருள். உரிமை தரும் கிராண்ட் கட்டளை எத்தனை கொடுத்தாலும் பலன் இல்லை. பிஜி_ஹெச்பிஏ.கான்ஃப் கோப்பில் ஒரு வரி சேர்த்து ரீலோட் செய்தால் போதும், ரீஸ்டார்ட் வேண்டாம். குமுளி டிப்போவில் இணைப்பை மாற்றினால் ஐபி மாறும், மறுநாளே இந்தப் பிழை வரும்.

ஆ. டேட்டாபேஸின் மேல் கனெக்ட் உரிமை.

இ. ஸ்கீமாவின் (டேட்டாபேஸுக்குள் டேபிள்கள் இருக்கும் பிரிவின்) மேல் யூசேஜ் உரிமை, அதில் புதிய டேபிள் உருவாக்க வேண்டும் என்றால் கிரியேட் உரிமையும். பழைய பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸ் 15-க்கோ அதற்கு மேலோ போனவர்கள் கவனிக்க வேண்டியது இது. 2022-ல் வந்த 15-ஆம் பதிப்பில், பப்ளிக் ஸ்கீமாவில் யார் வேண்டுமானாலும் டேபிள் உருவாக்கலாம் என்றிருந்த பழைய வழக்கத்தை எடுத்துவிட்டார்கள். புதிய டேட்டாபேஸ் உருவாக்கி மென்பொருளை நிறுவினால் "பர்மிஷன் டினைடு ஃபார் ஸ்கீமா பப்ளிக்" என்று நிற்கும். மென்பொருளின் கணக்கையே அந்த டேட்டாபேஸின் உரிமையாளராக்கினால் தீரும்.

ஈ. டேபிளின் மேல் செலக்ட், இன்செர்ட், அப்டேட், டெலீட்.

உ. சீக்வென்ஸின் மேல் யூசேஜ். இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். பில் எண் தானாக ஏறுவதற்கு பல மென்பொருள்கள் சீக்வென்ஸ் வைத்திருக்கும். டேபிளுக்குக் கொடுத்த உரிமை சீக்வென்ஸுக்குச் சேராது. பழைய பில்லைத் திருத்த முடிகிறது, புதிய பில் போட முடியவில்லை என்று யாராவது சொன்னால் நேராக இங்கே வாருங்கள்.

இந்த ஐந்தும் சரியாக இருந்தும் அடுத்த மாதம் பிழை வரும். காரணம், "கிராண்ட் ஆன் ஆல் டேபிள்ஸ்" என்ற கட்டளை இன்று இருக்கும் டேபிள்களுக்கு மட்டும்தான். அப்டேட்டில் புதிதாக வரும் டேபிளுக்கு அது செல்லாது. அதற்கு "ஆல்டர் டிஃபால்ட் ப்ரிவிலேஜஸ்" என்ற கட்டளை தனியாக உண்டு. அதிலும் ஒரு வலை: எந்தக் கணக்கு டேபிளை உருவாக்குகிறதோ அந்தக் கணக்கின் பெயரில்தான் அதைக் கொடுக்க வேண்டும். நிர்வாகக் கணக்கில் உட்கார்ந்து பெயர் சொல்லாமல் கொடுத்தால், நிர்வாகக் கணக்கு உருவாக்கும் டேபிள்களுக்கு மட்டுமே அது பொருந்தும்.

அப்புறம் "மஸ்ட் பி ஓனர்" என்ற செய்தி. இதுவும் 42501 என்ற எண்ணோடுதான் வரும், ஆனால் கிராண்ட் கொடுத்துத் தீர்க்க முடியாது. டேபிளின் அமைப்பை மாற்ற உரிமையாளராக இருக்க வேண்டும். பேக்கப்பை போஸ்ட்கிரெஸ் என்ற நிர்வாகக் கணக்கில் ஏற்றும்போது உரிமையாளர் விவரத்தை விட்டுவிட்டு ஏற்றினால் எல்லா டேபிளும் அந்தக் கணக்கின் பெயரில் போய் உட்காரும். மென்பொருளின் கணக்குக்கு கிராண்ட் கொடுத்தால் அன்றாட வேலை நடக்கும், ஆனால் அடுத்த அப்டேட்டில் சிக்கும். மீட்டு ஏற்றும்போதே மென்பொருளின் கணக்கை ரோலாகச் சொல்லி ஏற்றுவது நல்லது. ஏற்கெனவே தவறிவிட்டால் ஒவ்வொரு டேபிளாக உரிமையாளரை மாற்றுங்கள். "ரீஅசைன் ஓன்ட்" என்ற குறுக்குவழி போஸ்ட்கிரெஸ் கணக்குக்கு வேலை செய்யாது, சிஸ்டத்துக்குத் தேவையானவையும் அதன் பெயரில் இருப்பதால் மறுத்துவிடும்.

மரியாடிபி, மைஎஸ்கியூஎல் வைத்திருப்பவர்களுக்கு: அங்கே கணக்கு என்பது பெயரும் வரும் இடமும் சேர்ந்தது. ஒரே பெயரில் லோக்கல்ஹோஸ்ட்டுக்கு (அதாவது சர்வர் கம்ப்யூட்டருக்கே) ஒரு கணக்கும், டிப்போவின் ஐபிக்கு வேறொரு கணக்கும் இருக்கலாம், இரண்டுக்கும் பாஸ்வேர்டும் உரிமையும் வேறு வேறு. 1045 பிழையில் @ குறிக்குப் பிறகு என்ன இருக்கிறது என்று பாருங்கள். சர்வர் உங்களை எங்கிருந்து வருகிறவராகக் கருதுகிறது என்று அதில் தெரியும். அந்தச் சேர்க்கைக்குத்தான் உரிமை கொடுக்க வேண்டும்.

எஸ்கியூஎல் சர்வரில் புதிய கம்ப்யூட்டருக்கு டேட்டாபேஸை மாற்றினால், டேட்டாபேஸுக்குள் யூசர் இருப்பார், சர்வருக்குள் நுழையும் லாகினும் இருக்கும், ஆனால் இரண்டுக்கும் உள்ள தொடர்பு அறுந்திருக்கும். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் அடையாள எண் வேறு. யூசரை அழித்து மறுபடி உருவாக்க வேண்டாம், கொடுத்திருந்த உரிமைகள் எல்லாம் போய்விடும். "ஆல்டர் யூசர்" கட்டளையில் "வித் லாகின்" சேர்த்து மறுபடி இணைத்தால் போதும்.

எந்த நிலையிலும் மென்பொருளின் கணக்குக்கு சூப்பர்யூசர் உரிமை கொடுக்காதீர்கள். ஓடூ போஸ்ட்கிரெஸ் என்ற கணக்கில் ஓடவே மறுக்கும், அந்த மறுப்பு சரியானது. வெண்டரின் ஆள் "இதைக் கொடுங்க சார், வேலை முடிஞ்சுரும்" என்று சொன்னால் எந்த டேபிளுக்கு எந்த உரிமை வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

4. லாக் பிழை: யார் பிடித்திருக்கிறார் என்று கண்டுபிடியுங்கள்

குமுளியிலிருந்து போன் வரும். "அண்ணே, பில்லு சேவ் ஆகாம சுத்திக்கிட்டே நிக்குது." பக்கத்தில் இருக்கும் மலையாளிப் பையனுக்கும் அதே நிலை. கம்பத்தில் ஒருவர் புதிய பில் போடுகிறார், அவருக்குப் பிரச்சினை இல்லை. அப்படியானால் முழு சர்வரும் நிற்கவில்லை, ஏதோ ஒரு சில பதிவுகள் மட்டும் பிடிபட்டிருக்கின்றன. ரீஸ்டார்ட் பொத்தானை மறந்துவிடுங்கள்.

பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி என்ற வியூவைப் பாருங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு வரி இருக்கும். காத்திருப்பவரின் வரியில் வெயிட்_ஈவன்ட்_டைப் என்ற இடத்தில் "லாக்" என்று இருக்கும். அதே வரியில் பிஐடி என்ற இடத்தில் உள்ள அவருடைய எண்ணை எடுத்து பிஜி_பிளாக்கிங்_பிஐடிஸ் என்ற ஃபங்ஷனுக்குக் கொடுத்தால், அவரைத் தடுப்பவரின் எண் வரும். அந்தத் தடுப்பவரையும் வேறொருவர் தடுக்கலாம். எனவே தடுப்பவர் எண்ணையும் அதே ஃபங்ஷனுக்குக் கொடுத்து, விடை காலியாக வரும்வரை போங்கள். காலியாக வந்தவர்தான் மூலம். நடுவில் இருப்பவரைத் துண்டித்தால் ஒன்றும் தீராது.

மூலமானவரின் நிலையைப் பாருங்கள். "ஆக்டிவ்" என்றால் ஏதோ வேலை ஓடுகிறது: மாதக் கடைசி ஸ்டாக் மறுகணக்கோ, யாரோ போட்ட பெரிய இம்போர்ட்டோ. எப்போது ஆரம்பித்தது என்று எக்ஸ்ஆக்ட்_ஸ்டார்ட்டில் இருக்கும். ஐந்து நிமிடத்தில் முடியும் வேலை என்றால் காத்திருப்பதே மலிவு.

"ஐடில் இன் டிரான்ஸாக்ஷன்" என்று இருந்தால் கதை வேறு. டிரான்ஸாக்ஷன் என்பது ஒன்றாகச் சேவ் ஆகவோ ஒன்றாக ரத்தாகவோ வேண்டிய மாற்றங்களின் தொகுப்பு. மாற்றம் ஆரம்பித்தது, முடிக்கப்படவில்லை, இப்போது ஒன்றும் ஓடவில்லை, ஆனாலும் லாக் கையில் இருக்கிறது. பழைய பாணி மென்பொருள்களில் பில்லைத் திருத்தத் திறந்தாலே டிரான்ஸாக்ஷன் ஆரம்பித்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு டிப்போவில் ஒரு அக்கா பில்லைத் திறந்து, ஒரு வரியில் எடையை மாற்றிவிட்டு, சேவ் கொடுக்காமல் சாப்பிடப் போய்விட்டார். டிபன் பாக்ஸ் மேசையில் இல்லை, திரையில் கர்சர் மட்டும் எடைக் கட்டத்தில் துடித்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு ஸ்டாக் வரிக்காக மூன்று பேர் காத்திருந்தார்கள். திரும்பி வந்து சேவ் அழுத்தியதும் மூன்று பில்லும் ஒரே விநாடியில் போய்விட்டன.

மரியாடிபியில் "ஷோ எஞ்சின் இன்னோடிபி ஸ்டேட்டஸ்" கட்டளையும், எஸ்கியூஎல் சர்வரில் டிஎம்_எக்ஸெக்_ரிக்வெஸ்ட்ஸ் வியூவில் பிளாக்கிங்_செஷன்_ஐடி என்ற பத்தியும் இதே தகவலைத் தரும்.

5. விடுவிப்பது: போன், கேன்சல், டெர்மினேட் என்ற வரிசையில்

முதலில் போன். கிளையன்ட்_அட்ரஸ் பத்தியில் ஐபி இருக்கும், எந்த மேசை என்று தெரிந்துவிடும். "அக்கா, அந்தப் பில்லை சேவ் பண்ணுங்க, இல்லன்னா மூடுங்க" என்று சொன்னால் யாருடைய வேலையும் போகாது. (இதற்காகவே எந்த ஐபி யாருடைய மேசை என்று ஒரு தாளில் எழுதி சர்வர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.)

ஆள் கிடைக்கவில்லை, கட்டளை ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் பிஜி_கேன்சல்_பேக்எண்ட். அது ஓடும் கட்டளையை மட்டும் நிறுத்தும், இணைப்பு இருக்கும். "ஐடில் இன் டிரான்ஸாக்ஷன்" நிலையில் இருப்பவரிடம் கேன்சல் வேலை செய்யாது, நிறுத்த அங்கே ஓடும் கட்டளையே இல்லை. அங்கே பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட்தான்.

லினக்ஸில் "கில் -9" கொடுக்கவே கொடுக்காதீர்கள். போஸ்ட்கிரெஸின் ஒரு புராசஸ் அப்படிச் செத்தால், பொது நினைவகம் கெட்டிருக்கலாம் என்று கருதி மற்ற எல்லா இணைப்பையும் துண்டித்து, மீட்பு வேலை முடித்துத்தான் மறுபடி திறக்கும். ஒருவரை வெளியேற்றப் போய் எல்லோரையும் வெளியேற்றிவிடுவீர்கள்.

எஸ்கியூஎல் சர்வரில் கில் கொடுத்த பிறகு, அதுவரை செய்த மாற்றங்களைத் திரும்ப எடுக்கும் வேலை ஓடும். ஒரு மணி நேரம் ஓடிய இம்போர்ட் என்றால் திரும்ப எடுக்கவும் அதே அளவு நேரம் ஆகலாம். நிற்கவில்லையே என்று சர்வரை ரீஸ்டார்ட் செய்தால், ஏறும்போது அதே வேலையைத் தொடரும், அதுவரை டேட்டாபேஸ் யாருக்கும் சரியாகக் கிடைக்காது. பொறுமையாக இருங்கள்.

மரியாடிபி, மைஎஸ்கியூஎல்லில் கவனிக்க வேண்டிய ஒன்று: 1205 வந்தால் இயல்பு நிலையில் அந்த ஒரு கட்டளை மட்டும்தான் ரத்தாகும், டிரான்ஸாக்ஷன் திறந்தே இருக்கும், முன்பு பிடித்த லாக்குகளும் இருக்கும். மென்பொருள் அதைச் சரியாக முடிக்கவில்லை என்றால் காத்திருந்து தோற்றவரே அடுத்தவரைத் தடுப்பவராக மாறுவார். 1213 அப்படியில்லை, முழு டிரான்ஸாக்ஷனும் ரத்தாகிவிடும்.

6. மழைக்காலத்தில் லைன் அறுந்தால்: நம் பகுதிக்கே உரிய லாக்

இதைத்தான் நான் நீண்ட நாள் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் லோயர் கேம்ப்புக்கு மேலே லைன் விட்டு விட்டு வரும். டிப்போவில் பில் நடுவில் இருக்கும்போது இணைப்பு அறுந்துவிடும். ஊழியர் மென்பொருளை மூடித் திறந்து மறுபடி உள்ளே வருவார், அதே பில்லைத் தொடுவார், சுத்திக்கொண்டே நிற்கும். பார்த்தால் தடுப்பவர் அவரேதான், அவருடைய பழைய இணைப்பு.

சர்வருக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை என்பது தெரியாது. லைன் அறுந்தால் "நான் போகிறேன்" என்ற செய்தி வந்து சேராது. அமைதியாக இருக்கும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று லினக்ஸ் முதல்முறை தட்டிப் பார்ப்பதே 7,200 விநாடிக்குப் பிறகு, அதாவது 2 மணி நேரம் கழித்து. பிறகு 75 விநாடிக்கு ஒரு முறை 9 தடவை தட்டும். அத்தனை நேரமும் செத்த இணைப்பு லாக்கைப் பிடித்தே இருக்கும்.

போஸ்ட்கிரெஸின் கான்ஃபிகரேஷன் கோப்பில் மூன்று அமைப்புகளை மாற்றினால் இது தீரும். டிசிபி_கீப்அலைவ்ஸ்_ஐடில் 60, டிசிபி_கீப்அலைவ்ஸ்_இன்டர்வல் 10, டிசிபி_கீப்அலைவ்ஸ்_கவுன்ட் 6 என்று வைத்தால் சுமார் 2 நிமிடத்தில் செத்த இணைப்பு விழுந்துவிடும். ரீலோட் போதும், புதிதாக வரும் இணைப்புகளுக்குப் பொருந்தும்.

கூடவே ஐடில்_இன்_டிரான்ஸாக்ஷன்_செஷன்_டைம்அவுட் என்ற அமைப்பையும் பாருங்கள். இயல்பு நிலையில் 0, அதாவது எல்லை கிடையாது. சாப்பிடப் போகும் பிரச்சினைக்கும் இதுவே மருந்து. எடுத்த எடுப்பில் 5 நிமிடம் என்று வைக்காதீர்கள், 30 நிமிடத்தில் ஆரம்பித்து ஊழியர்களிடம் சொல்லிவிட்டுக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பேக்கப் கணக்குக்கும் நீண்ட ரிப்போர்ட் கணக்குக்கும் தனி மதிப்பு வைக்கலாம்.

டிப்போ கம்ப்யூட்டர் நேராக டேட்டாபேஸுடன் பேசும் மென்பொருள்களுக்குத்தான் இந்தத் தொல்லை. பிரவுசர் வழியாக ஓடும் ஓடூ, ஈஆர்பிநெக்ஸ்ட் போன்றவற்றில் டேட்டாபேஸ் இணைப்பு கம்பத்துக்குள்ளேயே முடிந்துவிடும், லைன் அறுந்தால் லாக் தங்காது. புதிதாக மென்பொருள் வாங்கப்போகும் எல்லையோர அலுவலகங்கள் இதையும் கணக்கில் எடுங்கள்.

7. டெட்லாக்

ஒருவர் 8 எம்எம் ஏலக்காயின் ஸ்டாக் வரியைப் பிடித்துக்கொண்டு 7 எம்எம் வரிக்குக் காத்திருக்கிறார். இன்னொருவர் 7 எம்எம்மைப் பிடித்துக்கொண்டு 8 எம்எம்முக்குக் காத்திருக்கிறார். இரண்டும் நகராது. போஸ்ட்கிரெஸ் இயல்பாக 1 விநாடி பார்த்துவிட்டு ஒருவரைத் தள்ளிவிடும். தள்ளப்பட்டவர் மறுபடி சேவ் கொடுத்தால் போகும். எப்போதாவது ஒன்று வந்தால் விட்டுவிடுங்கள். போடியிலோ புற்றடியிலோ இ-ஏலம் முடிந்து லாட்டுகளை ஏற்றும் நேரத்தில் தினமும் வருகிறது என்றால் மென்பொருள் எழுதியவரிடம் கேளுங்கள்: ஸ்டாக் வரிகளை எப்போதும் பொருள் எண் வரிசையில் அப்டேட் செய்யுங்கள், டெட்லாக் வந்தால் மென்பொருளே மறுமுறை முயலட்டும். இது உங்கள் கையில் இல்லாத வேலை.

8. அப்டேட் நடுவில் நின்றால்

டேபிளுக்குப் புதிய பத்தி சேர்க்கும் கட்டளைக்கு அந்த டேபிள் முழுவதும் தனக்கே வேண்டும். யாரோ ஒருவர் ரிப்போர்ட் ஓட்டிக்கொண்டிருந்தால் அது காத்திருக்கும். அது காத்திருக்கும்போது பின்னால் வருபவர்கள், வெறும் பார்வைக்கு வருபவர்கள்கூட, அதன் பின்னே வரிசையில் நிற்பார்கள். ஒரு ரிப்போர்ட்டால் அலுவலகம் முழுக்க நின்றுபோவது இப்படித்தான். அப்டேட்டுக்கு முன் அந்த இணைப்பில் லாக்_டைம்அவுட் 5 விநாடி என்று வைக்கச் சொல்லுங்கள். கிடைக்கவில்லை என்றால் அது தோற்று விலகும், மற்றவர்கள் நகர்வார்கள். மைஎஸ்கியூஎல்லில் இந்த வகை லாக்குக்கான இயல்புக் காத்திருப்பு 3,15,36,000 விநாடி, அதாவது ஒரு வருடம். அதை மாற்றாமல் அப்டேட் ஓட்டாதீர்கள்.

அப்டேட்டின்போது டேபிள்களின் அமைப்பை மாற்றித்தரும் லிக்விபேஸ் என்ற கருவியைப் பயன்படுத்தும் மென்பொருள்களில் இன்னொரு வகை உண்டு. அப்டேட் நடுவில் கரண்ட் போனால், மறுபடி ஆரம்பிக்கும்போது "வெயிட்டிங் ஃபார் சேஞ்ச்லாக் லாக்" என்று நிற்கும். இது டேட்டாபேஸின் லாக் அல்ல, டேட்டாபேஸ்சேஞ்ச்லாக்லாக் என்ற டேபிளில் இருக்கும் ஒரு சாதாரண வரி. அதனால் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் எத்தனை தேடினாலும் கிடைக்காது. வேறெந்த சர்வரிலும் அப்டேட் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு "ரிலீஸ் லாக்ஸ்" கட்டளையால் விடுவியுங்கள்.

9. கரண்ட் போய் வந்த பிறகு சர்வரே ஏறவில்லை என்றால்

"லாக் ஃபைல் போஸ்ட்மாஸ்டர்.பிஐடி ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ்" என்று வந்தால், கோப்பை உடனே அழிக்காதீர்கள். போஸ்ட்கிரெஸின் எந்தப் புராசஸும் ஓடவில்லை என்று பார்த்த பிறகே அழியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது அழித்து இன்னொன்றை ஏற்றினால் டேட்டா கெடும்.

டேட்டா ஃபோல்டரைத் திறக்க முடியவில்லை என்றால், எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் சிஎச்மாட் 777 கட்டளையைக் கொடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. போஸ்ட்கிரெஸ் அதன் பிறகு ஏறவே ஏறாது. ஃபோல்டர் 0700 அல்லது 0750 ஆக இருக்க வேண்டும் என்று அடம் பிடிக்கும். சரியான வழி, உரிமையாளர் போஸ்ட்கிரெஸ் என்ற லினக்ஸ் கணக்குதானா என்று பார்த்து அதை மாற்றுவது.

10. செலவும் நேரமும்

மேலே சொன்ன எதற்கும் மென்பொருள் வாங்க வேண்டியதில்லை, போஸ்ட்கிரெஸும் மரியாடிபியும் இலவசம். செலவு வருவது இரண்டு இடத்தில். ஒன்று, சர்வருக்கும் ரூட்டருக்கும் சேர்த்து நல்ல யூபிஎஸ். ரூட்டரை விட்டுவிட்டு சர்வருக்கு மட்டும் போடுவதாலும் செத்த இணைப்புகள் உருவாகின்றன. இரண்டு, வெண்டர். ஏஎம்சியில் அடங்காத வேலைக்கு விலை பேசும்போது 18% ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, லாக் யார் கையில் என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும், பார்ப்பதால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை, எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். உரிமைகளை மாற்றுவதை ஏலம் இல்லாத நாளில், மாலை பில்லிங் முடிந்த பிறகு வையுங்கள். மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1-க்கு 11-ஆம் தேதி, 3பி-க்கு 20-ஆம் தேதி கடைசி. அதையொட்டிய இரண்டு மூன்று நாளில் சர்வரில் எதையும் மாற்றாதீர்கள். இரவு வேலை வைத்தால் பேக்கப் எத்தனை மணிக்கு ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேக்கப் ஓடும்போது டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை காத்து நிற்கும், நீங்கள் அதையே பிழை என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

போஸ்ட்கிரெஸில் லாக்_லாக்_வெயிட்ஸ் என்ற அமைப்பை ஆன் செய்துவிடுங்கள். 1 விநாடிக்கு மேல் யார் யாருக்காகக் காத்திருந்தார் என்று நிகழ்வுப் பதிவுக் கோப்பில் தானாகப் பதிவாகும். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வந்த பிழைக்கு அது ஒன்றுதான் சாட்சி.

11. வெண்டரைக் கூப்பிடும்போது

"சாஃப்ட்வேர் ஹேங் ஆகுது" என்று சொன்னால் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். பதிப்பு எண், பிழை எண், நிகழ்வுப் பதிவுக் கோப்பில் அந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் உள்ள வரிகள், தடுத்தவர் தடுக்கப்பட்டவர் இருவரின் கட்டளைகள், எந்தத் திரையில் எந்தப் பொத்தானை அழுத்தியபோது வந்தது, இவை எல்லாவற்றையும் மெயிலில் அனுப்பிவிட்டுப் போன் செய்யுங்கள். அந்தக் கோப்பின் வரிகளில் வாடிக்கையாளர் பெயரோ வங்கிக் கணக்கோ இருந்தால் அழித்துவிட்டு அனுப்புங்கள்.

ரிமோட்டில் உள்ளே வந்தால் பக்கத்திலேயே உட்காருங்கள், ஓட்டும் ஒவ்வொரு கட்டளையையும் ஒரு கோப்பில் சேமித்துத் தரச் சொல்லுங்கள். வேலைக்கென்று அவருக்குத் தனிக் கணக்கு உருவாக்கிக் கொடுங்கள், மென்பொருளின் கணக்கையோ உங்கள் கணக்கையோ கொடுக்காதீர்கள். முடிந்ததும் அந்தக் கணக்கை "நோலாகின்" ஆக்குங்கள். நோலாகின் புதிதாக வருவதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு அப்படியே இருக்கும். எனவே பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் அந்தப் பெயரில் ஏதாவது வரி மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் டெர்மினேட் செய்துவிட்டு ரிமோட் மென்பொருளை மூடுங்கள்.